ஹுன்னஸ்கிரியவின் குளிரும் குவைத்தின் ஜூலையும்

ஜூலை மாதம் கண்டி மாவட்டத்து மலையூரான ஹுன்னஸ்கிரிய காற்றில் ஆடும். நக்கிள்ஸ் மலைச்சாரலில் வீசும் காற்றில் லயன் கூரைத் தகரங்கள் தடதடக்கும். பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நிற்க முடியாது. அதே ஜூலையில் குவைத்தில் பகல் வெப்பம் 46, 47 பாகை செல்சியஸைத் தொடுவது அன்றாட நிகழ்ச்சி. 2016 ஜூலை 21 அன்று அந்நாட்டின் மித்ரிபா என்ற இடத்தில் பதிவான 53.9 பாகைதான், உலக வானிலை அமைப்பு சோதித்து உறுதிப்படுத்திய ஆசியாவின் உச்ச வெப்பநிலை. கட்டுநாயக்கவில் விமானம் ஏறும் மலையகப் பெண் ஒருவர், ஐந்தாறு மணி நேரத்தில் இந்தக் குளிரிலிருந்து அந்த வெயிலுக்குப் போய்ச் சேர்கிறார். பெரும்பாலும் மறுநாளே வேலை தொடங்கிவிடுகிறது.

ஏன் போகிறார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். பிறகு அது கூடினாலும், பிள்ளையின் டியூஷன் காசும் கடைக் கடனும் அதைவிட வேகமாகக் கூடியிருக்கின்றன. திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பர என்று மஹியங்கனை வரை போகும் வீதியில் எந்த ஊரில் இறங்கி விசாரித்தாலும், "அம்மா குவைத்தில", "மாமா கட்டாருல" என்று சொல்ல ஒரு பிள்ளை இருக்கும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதம் இதில் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு அதிகம் பேரை அனுப்பும் மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. 2024இல் நாட்டிலிருந்து இப்படிப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டில் வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 657 கோடி டொலர். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாடு மறுபடி எழுந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. டொலரை எண்ணி வரவு வைக்கும் அரசு, அதைச் சம்பாதித்த உடம்பு எத்தனை பாகை வெயிலில் நின்றது என்றும் கேட்டாக வேண்டும்.

பாலைவனத்தில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். ஏசி வந்தது நேற்றுத்தான். டுபாயின் அல் ஃபஹீதிப் பகுதியில் இன்றும் நிற்கும் பழைய வீடுகள் அந்த வாழ்க்கையைக் காட்டுகின்றன. பவளக்கல்லையும் சாந்தையும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர்கள் பகற்சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். பார்ஜீல் எனப்படும் காற்றுக் கோபுரங்கள் உயரே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும். சந்துகள் ஒடுக்கமானவை, இரு பக்க வீடுகளின் நிழலே பாதையை மூடிவிடும். கோடை இரவில் மொட்டைமாடியில்தான் படுக்கை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு, பொழுதை அவர்கள் பிரித்துக்கொண்ட விதம். விடியற்காலையில் வேலை, நடுப்பகலில் உறக்கம், வெயில் தாழ்ந்தபின் மறுபடி சந்தை. கொளுத்தும் நேரத்தில் வெயிலுக்கு வழிவிட்டு உள்ளே போய்விடுவதுதான் அந்த மண்ணின் மக்கள் கண்ட அறிவு.

அப்படி உள்ளே போகும் உரிமை இன்றைய வளைகுடா நகரத்தில் எல்லோருக்கும் இல்லை. வசதியுள்ளவர் குளிர்ந்த வீட்டிலிருந்து குளிர்ந்த காரில் ஏறிக் குளிர்ந்த அலுவலகத்தில் இறங்குகிறார். அந்த வீடுகளும் அலுவலகங்களும் உறிஞ்சி வெளியே தள்ளும் சூட்டில் கட்டடத் தொழிலாளியும், வீதி கூட்டுபவரும், மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டு ஓடும் இளைஞனும் நிற்கிறார்கள். குவைத்தின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் வெப்ப நாட்களில் உயிரிழக்கும் ஆபத்து அந்நாட்டுப் பிரஜைகளைவிட அங்குள்ள வெளிநாட்டவருக்கே அதிகம் என்று கண்டது. சூரியன் ஒன்றுதான், நிழல்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

2024 ஹஜ் காலத்தில் இதை உலகமே பார்த்தது. மக்காவின் பெரிய பள்ளிவாசலில் வெப்பம் 51.8 பாகைக்கு ஏறியது. யாத்திரிகர்களில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் 83 வீதமானோர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வந்தவர்கள்; தங்க நிழலோ குளிரூட்டிய கூடாரமோ இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஒரே நகரம், ஒரே நாள், ஒரே வழிபாடு. நிழலுக்குள் போக அனுமதி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் உயிர் வித்தியாசமாகிவிட்டது. பாலைவன வெப்பத்தைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்: எப்போது ஓய்வது, எங்கே நிற்பது, எப்போது தண்ணீர் குடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கையில் இருப்பவர் பிழைத்துக்கொள்கிறார்.

உடம்பின் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் உள்வெப்பம் 37 பாகை. வெளியே அதைவிடச் சூடானால், சூட்டை வெளியேற்ற உடம்புக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை. அது உலர்ந்தால்தான் உடல் குளிரும். கடலோர நகரங்களில் ஆகஸ்ட் மாதத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை வழியுமே தவிர உலராது. அதனால்தான் வெறும் வெப்பமானியை நம்பாமல் ஈரம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் கோள அளவீட்டை நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கில் பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழுக்கே. உள்வெப்பம் 40ஐத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக். பேச்சுக் குழறும், நினைவு தடுமாறும், சிகிச்சை பிந்தினால் உயிர் போகும்.

உடம்பு பழகிக்கொள்ளும் என்பது உண்மைதான். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்புக் குறைவாகப் போகும், இதயத்தின் சுமையும் இறங்கும். இந்த மாற்றத்துக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதனால், வெயிலில் புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனங்கள் சொல்லும் விதி. திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் நிகழும் இறப்புகளில் பாதிக்கு மேல் முதல் சில நாட்களிலேயே நடப்பதாக அவையே சொல்கின்றன. லீவில் ஊருக்கு வந்து ஒரு மாதம் மலைக்குளிரில் இருந்துவிட்டுத் திரும்புபவர் பலரும் நினைப்பதுபோல் பழைய ஆள் அல்லர். பழக்கம் கலைந்த அவர் உடம்பு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வளைகுடா நாடுகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை திறந்தவெளி வேலைக்குத் தடை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணிவரை. சவூதியிலும் அதே மூன்று மாதம், 12இலிருந்து 3 வரை. கட்டார் 2021இல் இன்னொரு படி போனது. அங்கே ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை தடை. அதற்கு மேல், ஈரக்குமிழ் கோள அளவு 32.1ஐத் தாண்டினால் எந்த மணியானாலும் வேலை நிற்க வேண்டும். பலன் தெரிந்தது. கட்டார் செம்பிறைச் சங்கத்தின் கிளினிக்குகளுக்கு வெப்ப நோயோடு வந்த தொழிலாளர் 2020 கோடையில் 1,520 பேர், 2021இல் 620, 2022இல் 351. விதி சரியாக இருந்தால் வெயிலிலும் மனிதரைக் காப்பாற்றலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த விதிக்கு அடிப்படையாக 2019இல் டோஹாவில் கிரேக்கத்தின் தெஸ்ஸலி பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு, வேலையின் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ள முடிந்த தொழிலாளரின் உடம்பு வெப்பத்தை நன்றாகவே சமாளித்ததைக் காட்டியது.

இந்த விதிகள் எல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. ஹுன்னஸ்கிரியவிலிருந்து போகும் பெண்களில் பெரும்பாலோர் இறங்குவதோ அந்த வாசலுக்கு உள்ளே.

வீட்டு வேலைக்காரப் பெண் ஏசி வீட்டில்தானே இருக்கிறார், அவருக்கு என்ன வெயில் என்று நம் ஊரிலேயே கேட்கிறார்கள். போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் முற்றம் கழுவ வேண்டும், கார் கழுவ வேண்டும். மொட்டைமாடியில் துணி காயப் போட வேண்டும். அங்கே வெறுங்காலை வைக்க முடியாது. குப்பை கொண்டுபோய்ப் போட வெளியே, கடைக்குப் போக வெளியே, பிள்ளையை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்ற வெளியே. உள்ளே வந்தால் 18 பாகைக் குளிர், வெளியே போனால் 48 பாகை. ஒரு நாளில் எத்தனை தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. பல வீடுகளில் குசினிக்கு ஏசி கிடையாது, இருபது பேருக்கான விருந்து அங்கேதான் வேகிறது. குழாயைத் திறந்தால் கூரைத் தாங்கியில் வெந்த நீர் கொட்டும். கோடையில் கீஸரை நிறுத்திவைத்து, அதில் தேங்கிய தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணீராகப் பயன்படுத்துவார்கள். இரவில் படுப்பதற்குக் கொடுக்கப்படும் இடம் பலருக்கு ஜன்னல் இல்லாத சிற்றறை, சிலருக்கு மாடியில் ஒரு களஞ்சிய அறை. பகலெல்லாம் சூடேறிய கூரையின் கீழ் ஃபேன் மட்டும் சுழன்றால் அது சூட்டைத்தான் வீசும். 40 பாகைக்கு மேல் ஃபேன் உடம்பைக் குளிர்விக்காது, மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. நல்ல குடும்பங்களும் உண்டு, தம் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஒரு பெண்ணின் உடம்பு தப்புமா இல்லையா என்பது எந்தக் குடும்பம் வாய்க்கிறது என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

குவைத்தின் 2015ஆம் ஆண்டின் வீட்டுப் பணியாளர் சட்டம் நாளுக்கு 12 மணி நேர உச்சவரம்பையும் வாராந்த விடுமுறையையும் தந்தது. கட்டாரின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பை 10 மணி நேரமாக வைத்தது. இரண்டும் பெரிய முன்னேற்றங்கள். ஆனால் அந்த வேலை நேரத்தில் எந்த மணியில் மாடிக்குப் போகக் கூடாது, படுக்கும் அறை எத்தனை பாகைக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வீட்டு மடாமின் சொல்தான். தொழில் அமைச்சின் பரிசோதகர் கட்டட வளாகத்துக்குள் நுழையலாம். அடுத்தவர் வீட்டுக் குசினிக்குள் நுழைவது அவ்வளவு எளிதல்ல.

இன்னொன்றை நம் பக்கமிருந்தே சொல்ல வேண்டும். தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தே பழகியவர்கள். மலையில் மலசலகூடம் இல்லை, ஆகவே தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். ஹுன்னஸ்கிரியக் குளிரில் அந்தப் பழக்கம் உடனே கொல்லாது. அதையே பெட்டியோடு சேர்த்துக் குவைத்துக்குக் கொண்டுபோனால் மிக ஆபத்து. அங்கும், எந்தக் கழிவறையைப் பாவிக்கலாம், எப்போது போகலாம் என்ற தயக்கத்தில் குடிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். தோட்டத்து மலையில் பெண்களுக்குக் கழிவறை கட்டிக்கொடுக்காத நிர்வாகங்களின் அலட்சியம் கடல் தாண்டியும் அவர்களைத் தொடர்கிறது.

இந்தத் தாகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியாததல்ல. உடுதும்பரவைத் தாண்டிப் பதினெட்டு வளைவு இறங்கினால் மஹியங்கனை, அதற்கு அப்பால் கிராந்துருகோட்டை. சிறுநீரக நோய் வயல் உழைப்பாளரைக் குடும்பம் குடும்பமாக வாட்டிய ஊர் அது. அந்த நோய்க்குத் தண்ணீர், உரம், கிருமிநாசினி எனப் பல காரணங்கள் விவாதிக்கப்படுகின்றன. வெயிலில் நீர் வற்றிய உடம்போடு ஆண்டுக்கணக்கில் உழைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இளவயது ஆண்களின் சிறுநீரகம் செயலிழந்ததைத் தொடர்ந்து, நிக்கராகுவாவில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. வேலையிட வெப்பத்தோடு தொடர்புடைய நாட்பட்ட சிறுநீரக நோயோடு உலகில் 2 கோடியே 62 இலட்சம் பேர் வாழ்வதாகச் சர்வதேச தொழில் அமைப்பு 2024 ஏப்ரலில் மதிப்பிட்டது. நேபாளத்தின் வைத்தியர்கள் வளைகுடாவிலிருந்து திரும்பும் இளைஞர்களை டயலிசிஸ் கட்டிலில் காண்பதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இதயமும் தப்புவதில்லை. கட்டாரில் 2009 முதல் 2017 வரை இதய நோயால் இறந்ததாகப் பதிவான நேபாளத் தொழிலாளர் 571 பேர். அவர்களில் 200 பேர் வரை, வெப்பத்திலிருந்து ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெட்டியில் வரும் உடலோடு "மாரடைப்பு" என்றோ "இயற்கை மரணம்" என்றோ ஒரு தாள் வருகிறது. முப்பது வயதில், ஜூலை மாதத்தில் வந்த மாரடைப்புக்கு என்ன காரணம் என்று கேட்க, ஊரிலுள்ள தாய்க்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

நேபாளம் இப்படிக் கணக்குப் பார்த்திருக்கிறது. இலங்கையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள அந்த நிறுவனத்திடம் சில விடயங்களை உரிமையோடு கேட்கிறேன். வீட்டுப் பணிப்பெண்களுக்கான கட்டாயப் பயிற்சியில், சலவை இயந்திரத்துக்கு ஒதுக்கும் நேரத்துக்குக் குறையாத நேரம் வெப்பத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். எனக்கு உடம்பு முடியவில்லை, தண்ணீர் வேண்டும், கொஞ்சம் உட்கார வேண்டும் என்று அரபியில் சொல்ல விமானம் ஏறுமுன் வாய் பழகியிருக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில், கோடையில் போய்ச் சேர்பவருக்கு முதல் இரண்டு வாரம் வெளிவேலை குறைக்கப்படும் என்றும், நடுப்பகலில் மாடியிலும் முற்றத்திலும் வேலை இல்லை என்றும், படுக்கும் அறைக்குக் குளிரூட்டி உண்டு என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வளைகுடா அரசுகள் தம் கட்டடத் தொழிலாளருக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட நியாயத்தைத்தான் வீட்டுப் பெண்ணுக்கும் கேட்கிறோம்.

திரும்பி வருபவர்களின் விடயம் இன்னும் மோசம். போகும்போது இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் என்று ஒன்றுவிடாமல் சோதிக்கிறார்கள். வந்து இறங்கும் உடம்பை அப்படிச் சோதிக்க ஓர் ஏற்பாடு இல்லை. பதிவுசெய்து போனவர்களுக்கான காப்புறுதி, திரும்பிய பின் வெளிப்படும் சிறுநீரக நோயையும் வேலையால் வந்த நோயாக ஏற்க வேண்டும். இந்த நோய் வேலை செய்யும்போது வலிக்காது. ஒப்பந்தம் முடிந்து, காசு தீர்ந்து, ஊரில் இருக்கும்போதுதான் தலைகாட்டும்.

அரசு இதையெல்லாம் செய்யும்வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. இந்தக் கோடைக்குமுன் யாராவது புறப்படுகிறார் என்றால், பயணத்தைச் செப்டெம்பர் கடைசிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். முடியாவிட்டால் பெட்டியில் மாசிச் சம்பலோடு பத்துப் பதினைந்து ஜீவனிப் பக்கெட்டும் வையுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை, தலையில் நனைத்துப் போட ஒரு துணி, எப்போதும் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். வெயிலில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு தடவை ஒரு குவளை குடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பேசும்போது "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு, சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். தேயிலைச் சாயம் போல் கறுத்துப் போனால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கூட இருக்கும் யாருக்காவது பேச்சுக் குழறி நினைவு தடுமாறினால், அம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வளைகுடாவில் சில கோடைகளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர் உங்கள் வீட்டிலோ அடுத்த லயத்திலோ இருந்தால், இந்த மாதமே தெல்தெனிய வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ அழைத்துப் போய், எந்த நாட்டில் எத்தனை வருடம் என்ன வேலை செய்தார் என்று வைத்தியரிடம் சொல்லி, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேற்றினின் சோதனை கேளுங்கள். சிறிதளவு இரத்தம் போதும். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை.